அஞ்சும் உரிமை

லூக்கா நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் இரண்டு உயரங்கள் இடம்பெறுகின்றன. ஒன்று எருசலேம் ஆலயத்தின் உச்சி. மற்றொன்று நாசரேத்து ஊர் அமைந்திருந்த மலையின் விளிம்பு. முதல் உயரத்தில் அலகை இயேசுவை நிறுத்திக் கீழே குதிக்குமாறு தூண்டுகிறது. வானதூதர் தாங்கிக்கொள்வர் என்பதற்கு மறைநூலையே சான்றாகவும் காட்டுகிறது. இரண்டாம் உயரத்திற்கு அவரை இழுத்துச் செல்வோர் சொந்த ஊர் மக்கள்; அவர்கள் குதிக்கச் சொல்லவில்லை, தள்ளிவிடவே முனைகின்றனர். முதலாவது பகுதி தவக்கால முதல் ஞாயிறன்றும், இரண்டாவது பொதுக்காலத்தின் நான்காம் ஞாயிறன்றும், அதுவும் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை, வாசிக்கப்படுகின்றன. ஆதலால் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் வாய்ப்பு நமக்கு அரிதாகவே கிட்டுகிறது. ஆண்டவர் முதல் உயரத்தில் குதிக்க மறுத்தார். இரண்டாம் உயரத்தில் தள்ளப்பட இசையாது கூட்டத்தின் நடுவே நடந்து அகன்றார். உயரத்தில் நிற்கும் மனிதனைப் பற்றி அறநெறி இறையியல் எழுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை இவ்விரு நிகழ்ச்சிகளுக்கு இடையே அடங்கிவிடும் என்று எண்ணுகிறேன்.

தாமே விரும்பி உயரங்களிலிருந்து குதிப்போர் கூட்டம் ஒன்று இன்று உலகெங்கும் உண்டு. கட்டடம், ஆன்டெனா கோபுரம், பாலம், மலைப்பாறை ஆகிய நான்கின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து முதலெழுத்துகளை எடுத்துக் கோத்து, அமெரிக்கக் குதிப்பாளர்கள் இதற்கு 'பேஸ்' என்று பெயரிட்டனர். வானூர்தியிலிருந்து குதிப்பவரிடம் இரண்டு வான்குடைகள் இருக்கும்; ஒன்று விரியாவிடில் மற்றொன்று. இவர்களிடம் இருப்பது ஒன்றே. இரண்டாவதை விரிக்க நேரமும் இல்லை, உயரமும் இல்லை. 1999-இல் விற்பனைக்கு வந்த 'விங்சூட்' என்னும் சிறகுடை இதனுடன் சேர்ந்துகொண்டது. கைகளுக்கும் விலாவுக்கும் நடுவிலும், இரு கால்களுக்கு நடுவிலும் துணி தைக்கப்பட்ட உடை அது. துளைகள் வழியே காற்று உட்புகுந்ததும் துணி விறைத்துச் சிறகாகிறது. ஒரு மீட்டர் இறங்கும் நேரத்தில் இரண்டு, மூன்று மீட்டர் முன்னோக்கிச் செல்லலாம். விழுதல் என்பது பறத்தலாக மாறிவிட்டது போன்ற ஒரு தோற்றம்.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்திருக்கிறது. கங்கோத்ரிப் பனியாற்றின் மேல் எழுந்து நிற்கும் சிவலிங்கச் சிகரத்தில் ஏறிய இரசியர் வலேரி ரோசோவ், 2012 மே மாதத்தில், ஏறத்தாழ 6,400 மீட்டர் உயரத்திலிருந்து சிறகுடையுடன் குதித்தார். அடுத்த ஆண்டு எவரெசுட்டை அடுத்த சாங்த்சே மலையில் 7,200 மீட்டருக்கும் மேலான இடத்திலிருந்து குதித்தார். 2017 நவம்பரில் நேபாளத்தின் அமா தப்லாம் மலையில் குதித்தபோது உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 52.

ஆன்டெனா கோபுரத்திலிருந்து குதிப்பதைக் காண விரும்பியவர்கள் இமயத்திற்கோ ஐரோப்பாவிற்கோ செல்ல வேண்டியதில்லை. நம் தமிழர் மிகுந்து வாழும் கோலாலம்பூரில், புக்கிட் நானாஸ் குன்றின்மேல், 1996-இல் திறக்கப்பட்ட 421 மீட்டர் உயரத் தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. அரசின் இசைவோடு பல ஆண்டுகள் அங்குப் பன்னாட்டுக் குதிப்பு விழா நடைபெற்றது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலுள்ள மேடையிலிருந்து குதித்தார்கள். அதே குன்றின் அடிவாரத்தில்தான் புனித யோவான் பேராலயம் அமைந்துள்ளது. மேலே வான்குடைகள் விரிய, கீழே ஆலய மணி ஒலிக்கும் அக்காட்சி நம் கேள்விக்கு ஒரு படம் வரைந்தாற்போல் இருக்கிறது.

மணிமங்கலம் பகுதியில் பணிபுரியும் எனக்கு இச்செய்திகள் எல்லாம் நூலகத்திலிருந்து வரவில்லை. ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்து ஆலய முகப்பில் நின்றிருந்த இளைஞர் சிலர் ஒரு கைபேசியைச் சுற்றிக் குனிந்திருந்தனர். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தப் பணியாளர்களாக இருப்போர் அவர்களுள் மிகுதி. திரையில் ஒருவன் வானளாவிய கம்பம் ஒன்றின் உச்சியில் நின்று, கைகளை விரித்து, முன்னோக்கிச் சாய்ந்தான். "சாமி, இது பாவமா?" என்று ஒருவர் கேட்டார். "தற்கொலைதானே, வேற என்ன?" என்று மற்றொருவர் முந்திக்கொண்டார். "அவன் உயிரு, அவன் இஷ்டம்" என்றது மூன்றாவது குரல். நான்காமவர் மட்டும் வேறொன்று கேட்டார். அவர் இராமேசுவரம் தீவைச் சேர்ந்தவர். 323 மீட்டர் உயரமுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்தவர். இங்கு, கைபேசிக் கோபுரங்களில் ஏறிக் கருவிகள் பொருத்தும் வேலையில் இருப்பவர். "இதுக்கு எத்தனை நாள் டிரெய்னிங் எடுப்பாங்க, சாமி?" என்றார் அவர்.

முதல் மூவரின் கருத்துகளும் அறநெறி வகுப்பில் நாங்கள் கற்றவை. நான்காமவரின் கேள்வியே என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

விடை நாள் கணக்கில் இல்லை, ஆண்டுக் கணக்கில் இருக்கிறது. சிறகுடையை முதன்முதலில் அணிவதற்கே, வானூர்தியிலிருந்து குறைந்தது 200 முறை வான்குடையுடன் குதித்திருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அதன்பின் சிறகுடையை வானூர்திக் குதிப்பில் மட்டும் நெடுங்காலம் பழக வேண்டும். மறுபுறம், சிறகின்றி, பாலங்களிலிருந்தும் பாறைகளிலிருந்தும் ஒற்றை வான்குடையுடன் குதித்துப் பழக வேண்டும். இவ்விரு கலைகளும் தனித்தனியே கைவந்த பின்னரே அவற்றை ஒன்றாகச் சேர்க்கத் துணிவர். வான்குடையை மடிப்பது ஒரு தனிக் கல்வி. ஒவ்வொரு மடிப்பும் தன் கையாலேயே செய்யப்பட வேண்டும், ஏனெனில் அதன்மேல் விழப்போவது தன் உடல்.

இவற்றிலும் கோபுரம் மிகக் கடினமான ஆசிரியர். உயரமான ஆன்டெனா கம்பங்கள் தம் காலில் தாம் நிற்பவை அல்ல. மூன்று திசைகளிலும் வெகுதூரம் இழுத்துக் கட்டப்பட்ட எஃகு ஸ்டே கம்பிகளே அவற்றைத் தாங்குகின்றன. 1963-இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில் 628 மீட்டர் உயரத்தில் எழுப்பப்பட்ட தொலைக்காட்சிக் கம்பம் இவ்வகையானது. நம் திருநெல்வேலி மாவட்டத்து விசயநாராயணத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதற்கெனக் கடற்படை நிறுவியுள்ள 471 மீட்டர் கம்பங்களும் அவ்வாறானவையே. குதிப்பவர் இரு கம்பி வரிசைகளுக்கு நடுவிலுள்ள வெளியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காற்று தம்மைக் கோபுரத்தை விட்டு அப்பால் தள்ளும் திசையில் வீச வேண்டும். திசை மாறினால் விரிந்த வான்குடையே அவரைக் கம்பியின்மேல் கொண்டுபோய் மோதும். ஒலிபரப்பு நடைபெறும் ஆன்டெனாவை நெருங்கினால் அலைகளின் வெப்பம் உடலைத் தாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கால் பெயர்ந்த முதல் சில வினாடிகளில் சிறகுடை சிறகன்று; வெறும் துணி. வேகம் கூடிக் காற்று நிரம்பும்வரை அது கைகளைப் பிணைத்திருக்கும் சாக்குப்பைக்கு ஒப்பானது. மலையில் அவ்வினாடிகள் ஒரு பொருட்டல்ல. 300 மீட்டர் கோபுரத்திலோ, வான்குடை விரியாதவன் தரையைத் தொட ஏறத்தாழ ஒன்பது வினாடிகளே ஆகும்.

இத்தனை கற்றும் கடைசிப் பாடம் ஒன்று உண்டு. அதுவே கடினமானது என்பர். உச்சி வரை ஏறிய பின், காற்று சரியில்லை என்றால், வந்த ஏணியிலேயே இறங்கிவிடுவது.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். இது பாவமா? ஆலய உச்சியில் அலகை சொன்னதற்கு இணங்குவதாகுமா? கடவுளைச் சோதித்தல் என்பது யாது என்று புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் ஆராய்கிறார். தன்னால் இயன்ற வழிகள் கையில் இருக்கையில், தேவையோ பயனோ இன்றி அவற்றைக் கைவிட்டு, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று தன்னை இடரில் இடுவதே அவரைச் சோதிப்பது என்பது அவர்தம் கருத்தின் சுருக்கம். இவ்வளவுகோலால் அளந்தால், 200 முறை குதித்துப் பழகி, காற்றின் திசையை அளந்து, மடிப்புக்கு மடிப்பு சரிபார்த்துக் குதிப்பவர் கடவுளைச் சோதிக்கவில்லை. வானதூதரை அவர் எதிர்பார்க்கவே இல்லை. நான்கு பேரை இருசக்கர வண்டியில் ஏற்றி, தலைக்கவசமின்றி, முன்புறத்தில் அன்னை மரியாவின் படத்தை மட்டும் ஒட்டிக்கொண்டு வண்டலூர் - வாலாசாபாத் சாலையில் கனரக வண்டிகளுக்கிடையே விரையும் நம் பக்தரே அலகையின் அழைப்புக்கு நெருக்கமாக நிற்கிறார். (பறப்போருக்குப் பாதுகாவலராகப் பலர் வணங்கும் குப்பெர்த்தீனோ நகர்ப் புனித யோசேப்பு எந்த ஆயத்தமும் இன்றியே மேலெழும்பினார் என்பது மரபு. ஆனால் அவர் மேலெழும்பினாரே அன்றிக் கீழே குதிக்கவில்லை என்பதை இளைஞர்கள் நினைவிற்கொள்க.)

ஆயினும், ஆயத்தம் செய்தேன் என்று சொல்லிவிட்டால் போதுமா? பாரிசு நகரத் தையற்காரர் பிரான்சு ரைக்கெல்ட் என்பவரும் ஆயத்தம் செய்தார். வானூர்தி ஓட்டிகள் அணியத்தக்க வான்குடை மேலங்கி ஒன்றைத் தைத்தார். துணிப் பொம்மைகளுக்கு அதை அணிவித்து உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார். அவை விழுந்து நொறுங்கின. உயரம் போதாமையே காரணம் என்று முடிவு கட்டினார். ஈபெல் கோபுரத்திலிருந்து பொம்மையைப் போட்டுப் பார்க்கக் காவல் துறையிடம் இசைவு பெற்று, இறுதி நேரத்தில் தாமே குதிக்கப் போவதாக அறிவித்தார். நண்பர்கள் தடுத்தும் கேட்கவில்லை. கோபுரத்தின் முதல் தளத்தில், 57 மீட்டர் உயரத்தில், கைப்பிடிமேல் காலை வைத்துக்கொண்டு அவர் தயங்கி நிற்பது அக்கால அசையும் படத்தில் பதிவாகியுள்ளது. பின்னர் குதித்தார், அங்கி அவரைச் சுற்றிக்கொண்டது, இறந்தார். 1912 பிப்ரவரி 4. அந்நாள் ஓரியூர் மணலில் குருதி சிந்திய நம் புனித அருளானந்தரின் திருநாள்.

இருவரும் உயிரைத் துச்சமாக எண்ணியவர்கள் என்று மேலோட்டமாகச் சொல்லலாம். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். ரைக்கெல்ட் செய்தது ஆயத்தம் போன்ற ஒன்று. உண்மையான ஆயத்தம் பொருள்களிடம் கேள்வி கேட்கிறது; 'இல்லை' என்ற விடையையும் ஏற்றுக்கொள்கிறது. பொம்மைகள் அவரிடம் 'இல்லை' என்றே சொல்லின. அவர் செவிசாய்க்கவில்லை. அந்தத் தயக்க வினாடிகளில் அவர் உடலும் அதையே சொல்லிற்று என்று கருதுகிறேன். படப்பிடிப்புக் கருவிகளும் கூட்டமும் காத்துக்கொண்டிருந்தன. அவ்வளவு பேர் பார்த்திருக்க, ஏணியில் இறங்கி வருவது குதிப்பதைவிடக் கடினமாய் இருந்திருக்கும்.

இதற்கு மாறாக, நன்கு கற்றவரையும் ஆயத்தம் கைவிடுவதுண்டு. இக்காலச் சிறகுடையின் முன்னோடியான பிரெஞ்சுக்காரர் பத்ரிக் தெ கையார்தோன், தம் வான்குடைப் பையில் தாமே செய்த ஒரு மாற்றத்தால், 1998 ஏப்ரலில் அவாய்த் தீவில் விழுந்திறந்தார். நார்வே நாட்டின் சியெராக் பாறையில் 1995 முதல் 2005 வரை நிகழ்ந்த 20,850 குதிப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். ஒன்பது பேர் இறந்திருந்தனர். 2,317 குதிப்புக்கு ஓர் உயிர். கேட்பதற்குச் சிறிய இடராகத் தோன்றும். ஆனால் ஒருவர் 200 முறை குதித்தால், அவ்விகிதப்படி, அவர் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எட்டை எட்டுகிறது. இது மனைவி மக்கள் உள்ள ஒருவர் தனியாக எடுக்கக்கூடிய முடிவன்று. 'அவன் உயிர், அவன் விருப்பம்' என்னும் வாதம் இங்குதான் உடைகிறது. நார்வேயின் துரோல்வெக்கன் செங்குத்துப் பாறையில் குதிப்பதை அந்நாடு 1986-இல் தடைசெய்தது. பாறையிடுக்கில் சிக்கியவரை மீட்கச் செல்வோரின் உயிரும் ஊசலாடியது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இடர்மிகு விளையாட்டுகளைத் திருச்சபை முன்னரும் எடைபோட்டுள்ளது. 1567-இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர், காளைப் போர்களை நடத்த இசையும் அரசர்களைச் சபைவிலக்கம் செய்வதாகக் கடும் ஆணை பிறப்பித்தார். எட்டாண்டுகளில் அவருக்குப் பின்வந்த பதின்மூன்றாம் கிரகோரியார் அதைத் தளர்த்த வேண்டியதாயிற்று. மறுபுறம், பதினோராம் பத்திநாதர் என்ற பெயரில் 1922-இல் திருத்தந்தையான அக்கில்லே ராத்தி, இளங்குருவாய் இருந்தபோது கைதேர்ந்த மலையேற்ற வீரர். 1889-இல் மோந்தே ரோசா மலையின் கிழக்குச் சரிவில் ஏறி, உச்சியருகே உறைபனியில் ஓர் இரவைக் கழித்தவர். 1923-இல் மெந்தோன் நகர்ப் புனித பெர்னார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. ஆகவே படைப்பின் உயரங்களில் மனிதன் காணும் மகிழ்ச்சியை வெறும் வீண் என்று நான் ஒதுக்கமாட்டேன். அது ஒரு நன்மையே. அது எத்தனை பெரிய நன்மை, எவ்வளவு இடருக்கு ஈடாகும் என்பதில்தான் வேறுபாடு. மலையில் ஏறுபவன் ஒவ்வோர் அடியிலும் நின்று எண்ணிப் பார்க்கலாம். சிறகுடையில் காலைப் பெயர்த்தவனுக்கு இரண்டாம் எண்ணத்திற்கு இடமே இல்லை. மக்கள் உள்ளவர், கடன் உள்ளவர், தம்மை நம்பி ஒருவர் உள்ளவர் கோபுரத்திலிருந்து இவ்வாறு குதிப்பது நீதிக்கு மாறானது என்பதே என் தீர்ப்பு. எவரும் இல்லாதவர் குதிக்கலாமா என்று கேட்பின், எவரும் இல்லாதவர் ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஆயினும் அந்தக் குதிப்பாளரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்று உள்ளது. அது அச்சம்.

வியப்பாக இருக்கலாம். வீரம் என்றால் அச்சமின்மை என்றே நாம் பழகியிருக்கிறோம். இம்மணிமங்கலமும் பழைய போர்க்களம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற இடங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிக்கிறது. கொற்றவைமுன் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்க முனையும் வீரனை மாமல்லபுரத்துச் சிற்பங்களில் இன்றும் காணலாம். ஆனால் நம் மூதாதையர் ஊர்தோறும் நட்ட நடுகற்கள் பெரும்பாலும் யாருக்கு? ஆநிரை மீட்டவனுக்கு, ஊரைக் காத்தவனுக்கு. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பதை வள்ளுவர் அறியாமையின் பாற்படுத்துகிறார். அதனையும் அறிவுடைமை என்னும் அதிகாரத்திலேயே வைக்கிறார். ஐரோப்பாவில் பதின்மூன்றாம் நூற்றாண்டில், வள்ளுவரைக் கேள்வியுற்றிராத அக்குவினாவும், அச்சமின்மையைத் திடம் என்னும் நற்பண்புக்கு எதிரான குற்றமாகவே வகைப்படுத்தினார். அது மூன்று வேர்களிலிருந்து முளைக்கலாம் என்கிறார்: தன் உயிர்மீது இருக்க வேண்டிய அன்பு இல்லாமை, செருக்கு, மதிகேடு. திடத்தின் தலையாய செயல் தாக்குவதன்று, தாங்குவது என்றும் அவர் சொல்கிறார்.

ஆயத்தம் என்பது அச்சத்தின் பிள்ளை. காற்றை அளப்பவன் காற்றுக்கு அஞ்சுகிறான். மடிப்பைச் சரிபார்ப்பவன் தன் கைக்கே அஞ்சுகிறான். ஏணியில் இறங்கி வருபவன் அஞ்சி இறங்குகிறான், அதற்காக எவரும் அவனைப் பழிப்பதில்லை. கோலாலம்பூர்க் கோபுரத்தின் உச்சியில் நின்றவருக்குத் தம் அச்சத்திற்குச் செவிகொடுக்கும் உரிமை இருந்தது. இறங்கினால் ஒரு குதிப்பை இழப்பார், வேறெதையும் இழக்கமாட்டார்.

இப்போது இராமேசுவரத்து இளைஞரின் கேள்வி மீண்டும் நம்முன் வருகிறது. எத்தனை நாள் பயிற்சி? அவர் ஏன் அதைக் கேட்டார் என்பது எனக்குப் பின்னரே விளங்கியது.

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலான இந்நிலம் கால் நூற்றாண்டில் மாறிவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஊண்டாய் மகிழுந்துகள் உருவாகத் தொடங்கின. 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை கோடிக்கணக்கில் கைபேசிகளைச் செய்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஏரிக்கரைகளிலும் வயல் நடுவிலும் கைபேசிக் கோபுரங்கள் முளைத்தன. அவற்றின் உயரம் பெரும்பாலும் 40 மீட்டர், 60 மீட்டர். ரைக்கெல்ட் விழுந்த உயரம் 57 மீட்டர் என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டீர்கள். அவற்றின் உச்சியில் கருவி பொருத்தவும், பழுது பார்க்கவும் மனிதர் ஏறியே ஆக வேண்டும். முறைப்படி, முழு உடல் பெல்ட்டும் இரண்டு கொக்கிகளும் வேண்டும். ஒன்றைக் கழற்றும் முன் மற்றொன்று மாட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு கணமும் உடல் கோபுரத்தோடு பிணைப்பின்றி இருத்தலாகாது. கட்டுப்பாட்டோடு இவ்வாறு நடத்துவோரும் உள்ளனர், அவர்களை வாழ்த்துகிறேன்.

இவ்விளைஞர் சேர்ந்தது ஒப்பந்தக்காரருக்கு ஒப்பந்தக்காரரிடம். பயிற்சி எத்தனை நாள் என்று நான் திருப்பிக் கேட்டேன். "மொத நாளே ஏத்திட்டாங்க, சாமி. கீழ நின்னு ஒரு அண்ணன் சொல்லிக்கொடுத்தாரு" என்றார். பெல்ட் உண்டா? உண்டு, ஆனால் கொக்கியை மாட்டி மாட்டி ஏறினால் நேரம் ஆகிறது, கோபுரக் கணக்கில்தான் கூலி. மேலே சேர்ந்த பின்னர் மாட்டிக்கொள்வார்களாம். "மொத ஒரு மாசம் கை நடுங்கும். அப்புறம் பயம் விட்டுப்போச்சு" என்றார். இதைச் சொல்கையில் அவர் முகத்தில் சற்றுப் பெருமிதமும் இருந்தது. பயம் விட்டவனுக்கே அத்தொழிலில் அடுத்த வேலை வருகிறது.

பயம் தானாக விடவில்லை, விடும்படி செய்யப்பட்டது. அக்குவினா குற்றம் என்று வகைப்படுத்திய அச்சமின்மை இங்கே ஒரு தொழில் தகுதியாகக் கேட்கப்படுகிறது. அக்குற்றத்தின் வேர்களுள் முதலாவதான, உயிர்மீது அன்பு குன்றுதல், ஏறுபவனிடம் இல்லை, ஏற்றிவிடுபவரிடம் இருக்கிறது. விளையாட்டுக்காகக் குதிப்பவனின் ஆன்மாவைப் பற்றிக் கவலைப்பட்டு விவாதித்த எம் இளைஞர்களில் ஒருவருக்கும், தம் பக்கத்தில் நின்ற தோழரின் கொக்கியைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. கைபேசித் திரையில் விரியும் சிறகு கண்ணைக் கவர்கிறது. அத்திரைக்கு அலைகளை அனுப்பும் கோபுரத்தில் தொங்குபவனை எவரும் படமெடுப்பதில்லை.

நாசரேத்து மலை விளிம்பை இங்குதான் நினைக்கிறேன். உயரத்தில் நிற்பவர் எல்லாரும் தாமாக நிற்பவர் அல்லர். 2018 சூலை மாதத்தில் கோவை அருகே ஒரு கல்லூரியில், பேரிடர் காலத்தில் தப்பிப்பதற்கான பயிற்சி என்ற பெயரில் மாணவர்களை இரண்டாம் மாடியிலிருந்து கீழே விரிக்கப்பட்ட வலையில் குதிக்கச் செய்தனர். தயங்கி உட்கார்ந்திருந்த 19 வயது மாணவி ஒருவர் தள்ளிவிடப்பட்டார். கீழ்த்தளச் சாளரத்தின் மேற்கூரையில் தலை மோதி இறந்தார். பயிற்சி என்ற சொல்லும் அங்கு இருந்தது, வலையும் இருந்தது, கூட்டமும் இருந்தது. அவருடைய அச்சம் மட்டுமே அங்கு உண்மையைச் சொன்னது; அதைத் தடையாகக் கருதி அகற்றிவிட்டார்கள்.

இவ்விதழின் வாசகர்களில் மேற்பார்வையாளர்கள் உண்டு, பாதுகாப்பு அலுவலர்கள் உண்டு, சிறு ஒப்பந்தங்கள் எடுத்து நடத்துவோரும் உண்டு. தவக்காலத்தில் என்னிடம் அறிவுரை கேட்டு வருவோர் மது, இச்சை, சினம் ஆகியவற்றைக் குறித்துக் கேட்கின்றனர். அஞ்சியவனை இறங்க விட்டேனா, இறங்கியதற்காக அவனிடமிருந்து எதையேனும் பறித்தேனா என்று கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. அறநெறி நூல்களில் இதற்கென ஒரு தலைப்பு இல்லாதது காரணமாக இருக்கலாம். ஆனால் கொலை செய்யாதிருப்பாயாக என்னும் கட்டளை, பிறர் உயிரை இடருக்கு உள்ளாக்கும் அசட்டையையும் தழுவுகிறது என்பது திருச்சபையின் தெளிவான போதனை.

ஆடிக் காற்று வீசிய ஒரு நாளைப் பற்றியும் அவ்விளைஞர் சொன்னார். பாதி உயரம் ஏறியபின் கோபுரம் ஆடுவதை உள்ளங்காலில் உணர்ந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், இறங்கிவிட்டார். "என்னடா, பயமா?" என்று கேட்டாராம் மேற்பார்வையாளர். "ஆமாண்ணே" என்றாராம் இவர். அன்று அரைநாள் கூலி பிடிக்கப்பட்டது. மறுநாளும் காற்று தணியவில்லை. வேறொருவர் ஏறி அந்த வேலையை முடித்தார்.